சிவப்பு மையில் எழுதிய முகவரி

ஜூன் 2, 2022, வியாழன்

காலை காப்பிக்கு முன்னாலேயே மன்றத்தில் இரண்டு பேரைத் தடை செய்தேன். ஒருவன் வெண்டைக்காய்ப் பூச்சியைப் பற்றிய உரையாடல் இழைக்குள் புகுந்து சாதியைப் பேசியிருந்தான். இன்னொருவன் மண்புழு உரம் வேண்டுவோர் அழைக்கவும் என்று கைப்பேசி எண்ணைப் போட்டிருந்தான். விதி மூன்று: தொலைபேசி எண், முகவரி, சொந்தப் பெயர், எதையும் பொதுவில் எழுதக் கூடாது. ‘பசுந்தொட்டி’ இணைய மன்றத்தின் பதினான்கு விதிகளையும் எழுதியவன் நான். ஆறு வருடமாக அதற்கு மட்டுறுத்துநரும் நானே. மன்றத்தைத் தொடங்கிய சசிதரன் மெல்போர்னில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதோடு சரி. நாலாயிரம் பேர் மாடியில் தோட்டம் போட்டுவிட்டு வந்து பேசுகிற இடத்தில் களையெடுக்க ஒரு ஆள் வேண்டாமா?

ஹெப்சிக்கு ‘மட்டுறுத்துநர்’ என்ற சொல்லைச் சொல்லவே வராது. சப் போஸ்ட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து இறங்க மனசில்லாத ஆள் என்று என் மனைவி என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். முப்பத்தாறு வருடம் தபால் ஆபீஸில் இருந்தவனுக்கு ஒழுங்கு ரத்தத்தில் ஊறியிருக்கும். அதில் என்ன கேலி?

விதைக்கூடை வேலை தொடங்கிவிட்டது. வருடா வருடம் ஆடி பிறப்பதற்கு முன் உறுப்பினர்கள் தங்களிடம் உள்ள விதைகளைப் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு அனுப்புவார்கள். கூடவே தங்கள் முகவரியைத் தாங்களே எழுதி, தபால்தலை ஒட்டிய காலி உறை ஒன்று. நான் விதைகளைக் கலந்து, பிரித்து, அந்த உறைகளில் போட்டு அனுப்புவேன். எல்லா உறையிலும் அனுப்புநர் என் முகவரிதான். யாருக்கும் யாருடைய ஊரும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். அதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டேன். நீள நோட்டில் கையால் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். ஆறு வருடத்தில் ஒரு முகவரி வெளியே போனதில்லை.

இன்று வந்தவை பதினொன்று. பத்தில் முத்திரை வெறும் மைக்கறை. எந்த ஊர், என்ன தேதி, கடவுளுக்குத்தான் வெளிச்சம். என் காலத்தில் என்றால் கிளார்க்கைக் கூப்பிட்டு மறுபடி குத்தச் சொல்லியிருப்பேன். கருங்காட்டுப்புதூர் என்ற ஊரிலிருந்து வந்த உறையில் மட்டும் முத்திரை அச்சடித்ததுபோல் விழுந்திருந்தது. நாலு தெருவுக்கு ஒரு சின்ன ஆபீஸாக இருக்கும். அங்கே யாரோ ஒரு நல்ல ஊழியர் இருக்கிறார்.

அது ‘அவரைப்பந்தல்’ அனுப்பிய உறை. மன்றத்தில் அந்தப் பெண்ணின் புனைபெயர் அது. சொந்தப் பெயரையும் ஊரையும் விதைக்கூடைக்காக என் ஒருவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் ஐயா என்று வருடா வருடம் ஒரு துண்டுச் சீட்டு வேறு எழுதி வைப்பார். தெரியாது அம்மா, தெரியவே தெரியாது.

ஜூன் 5, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்பும்போது அவரைப்பந்தலிடமிருந்து தனிமடல். காலையில் தான் போட்ட படத்தை உடனே எடுத்துவிடும்படி. அவருக்கு எடுக்க வரவில்லையாம். ஒரு மணி நேரம் கழிந்தால் உறுப்பினர்கள் தங்கள் பதிவைத் திருத்த முடியாது, அதுவும் என் விதிதான். படத்தைப் பார்த்தேன். உள்ளங்கையில் ஐந்து அவரைக்காய். காயின் விளிம்பில் கருநீலக் கோடு. அவருடைய அம்மா வீட்டு ரகம், மன்றத்தில் வேறு யாரிடமும் கிடையாது. எடுக்கச் சொன்ன காரணம் கை. மணிக்கட்டிலிருந்து மேலே நீளமாக ஒரு தீக்காயத் தழும்பு.

பெண்களுக்கு இதெல்லாம் ஒரு கூச்சம். தழும்பில் என்ன வெட்கம்? ஆராதனைக்கு நேரமாகிவிட்டதால் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். திரும்பி வந்து, சாப்பிட்டு, ஒன்றரை மணிக்கு எடுத்தேன். அதற்குள் அறுபத்து மூன்று பேர் பார்த்திருந்தார்கள். ‘ஈரமண்’ என்பவர் ஒரு மறுமொழியும் போட்டிருந்தார்: “அருமையான அவரை. எங்கள் பக்கத்து ரகம் மாதிரி இருக்கிறதே?” ஜனவரியில் சேர்ந்தவர். மரியாதையாக எழுதுவார், ஒரு விதியையும் மீறியதில்லை. இப்படி நூறு பேர் இருந்தால் எனக்கு வேலையே இருக்காது.

ஜூன் 9, வியாழன்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். இடுப்பு போய்விட்டது.

ஜூன் 13, திங்கள்

ஈரமண் தனிமடல் எழுதியிருக்கிறார். அவரைப்பந்தலுக்கு அரிதான விதை கொஞ்சம் அனுப்ப வேண்டுமாம், முகவரி கிடைக்குமா என்று. விதி மூன்றை எழுதி, யார் கேட்டாலும் தருவதில்லை என்று பதில் போட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: “மிகச் சரி ஐயா. உங்களைப் போன்ற ஒருவர் காவல் இருப்பதால்தான் பெண்கள் இங்கே பயமில்லாமல் எழுதுகிறார்கள்.” இதை ஹெப்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “ரொம்பப் புகழுதவனப் பாத்தா எனக்குப் பயம்” என்றாள். அவளுக்கு யார் என்னைப் புகழ்ந்தாலும் பொறுக்காது.

ஜூன் 21, செவ்வாய்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். எழுதி வைக்கிறேன்.

பதினொரு மணிக்குத் தபால்காரர் இசக்கிமுத்து வந்தார். “சார், ஒரு ரிஜிஸ்டர் தபால். பேரப் பாத்தா காய்கறிக்கடை மாதிரி இருக்கு” என்று சிரித்தார். ‘அவரைப்பந்தல், மேற்பார்வை ஞானசிகாமணி’ என்று என் பெயரையும் போட்டு என் வீட்டு முகவரி. விதைக்கூடைக்காக என் முகவரி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அனுப்பியது பெருந்துறைப் பக்கத்து நர்சரி ஒன்று. தொட்டுப் பார்த்தால் உள்ளே விதை. ஓரத்தில் சின்னதாக, ‘உரியவருக்குத் திருப்பி அனுப்பவும். ஈரமண்’ என்று எழுதியிருந்தது. முகவரி கேட்டுக் கிடைக்காத மனிதர், முறையான வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்.

பதிவுத் தபாலைப் பிரித்து வேறு உறையில் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. அடுத்தவர் பெயரில் வந்ததைப் பிரிப்பது என் கைக்கு வராது. வந்த தபாலைப் பிடித்து வைத்துக்கொள்வதும் வராது. சர்வீஸில் ஒரு கடிதத்தைக்கூட நான் முடக்கியதில்லை. பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தேன். என் முகவரியை ஒரு கோட்டால் அடித்தேன். சிவப்பு மையில் அவருடைய பெயரையும் தெருவையும் ஊரையும் பின்கோடையும் எழுதி, கீழே என் கையெழுத்தையும் தேதியையும் போட்டு, அந்த நிமிஷமே இசக்கிமுத்துவிடம் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து இன்னும் ஆடவில்லை. “அப்படியே ஆபீஸ்ல இருக்க மாதிரி எழுதுதிய சார்” என்றார்.

அனுப்பியவருக்கு முகவரி தெரியாது. வாங்க வேண்டியவருக்குத் தபால் போய்ச் சேரும். விதியும் உடையவில்லை. உறையின் பின்பக்கம், வாங்குகிறவர் கையெழுத்துப் போடுகிற ஒப்புகை அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்ததால் பசை தடவி அழுத்திக் கொடுத்தேன்.

ஜூன் 22, புதன்

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்தேன்.

ஜூன் 24, வெள்ளி

பழக்கதோஷம், அந்த ரிஜிஸ்டர் தபாலின் எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். தபால் எங்கே போகிறது என்று காட்டுகிற இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இன்று பகல் 11.40-க்குப் பட்டுவாடா ஆகிவிட்டது. எந்த ஆபீஸ், எத்தனை மணி, எல்லாம் காட்டுகிறது. நம் காலத்தில் இதற்கெல்லாம் தனியாக விசாரணைக் கடிதம் எழுத வேண்டும். இப்போது எண் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மத்தியானம் படுத்தும் தூக்கம் வரவில்லை. வெக்கை அதிகம்.

ஜூன் 25, சனி

காலை பத்தே காலுக்குத் தொலைபேசி. புது எண். “ஐயா, அவரைப்பந்தல் பேசறனுங்க” என்றார். நாலு வருடப் பழக்கத்தில் குரலை இன்றுதான் கேட்கிறேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன வயசுக் குரல்.

யாருக்கு என் முகவரியைக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன். அது உண்மைதான். நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னார்: “நர்சரி பேர் போட்டிருந்துச்சுங்க. சிவப்பு மையில உங்க கையெழுத்து இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் ஐயா வாங்குனன்.”

உள்ளே கருநீலக் கோட்டு அவரையின் விதை. அவருடைய அம்மா வீட்டு ரகம். எட்டு விதை, எட்டும் வறுத்தது. வேறு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

வறுத்த விதை முளைக்காது. அதை யாருக்கும் யாரும் அனுப்புவதில்லை. நான் ஏதோ தவறு நடந்திருக்கும், நர்சரிக்காரர்கள் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார். அது அவருடைய வீட்டுக்காரராம். மூன்று வருடமாகத் தேடுகிறாராம். தழும்பு அடுப்பில் பட்டது இல்லையாம். இதையெல்லாம் அழாமல் சொன்னார். அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். “பின்னாடி ஒட்டியிருந்த கார்டுல கையெழுத்துப் போட்டனுங்களே ஐயா, அது அவங்களுக்குத் திரும்பிப் போகுமுங்களா? அதுல எங்க ஊர்ப் பேர் வருமுங்களா? நீங்க போஸ்ட்மாஸ்டர். உங்களுக்குத்தான தெரியும்.”

பையில் துணி எடுத்து வைத்துவிட்டாராம். போகும் என்றால் இன்றைக்கே கிளம்பிவிடுவாராம். ஆனால் ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினெட்டு ரவிக்கை தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த ஊரில்தான் மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிறாராம். நான் விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

விசாரிக்க என்ன இருக்கிறது? மாடிக்குப் போய்த் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி கட்டினேன். இந்தக் காலத்தில் ஒப்புகை அட்டைகளில் பாதி வந்து சேர்வதே இல்லை. வந்தாலும் முத்திரை வாசிக்கும்படியா விழுகிறது? ஒரு பெண்ணைப் போட்டு வீணாகக் கலவரப்படுத்துவதில் அர்த்தமில்லை. ஒரு மணி நேரம் கழித்து இறங்கிவந்து மன்றத்தில் தனிமடலாக ஆறுதலாய் இரண்டு வரி எழுதினேன். நன்றி ஐயா என்று பதில் வந்தது.

ஜூன் 26, ஞாயிறு

பிரசங்கம் ஒன்றும் மனதில் ஏறவில்லை.

தன் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்து, கணக்கையும் மூடிவிடும்படி அவரைப்பந்தல் எழுதியிருக்கிறார். அவருடைய ‘பையில் அவரை’ இழை இருநூற்றுப் பன்னிரண்டு பதிவு. இந்த மன்றத்துக்குப் புதிதாய் வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் காட்டுவது அதைத்தான். கோபத்திலும் பயத்திலும் கேட்பதைச் செய்துவிட்டுப் பிறகு வருத்தப்படக் கூடாது. கொஞ்ச நாள் போகட்டும் என்று எழுதினேன். சரிங்க ஐயா, நீங்கள் சொன்னால் சரி என்றார்.

ஈரமண்ணைத் தடை செய்தேன். நிரந்தரமாக.

ஜூன் 28, செவ்வாய்

அவரைப்பந்தலிடமிருந்து நீளமான மடல். எடுத்து வைத்த துணியை மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டாராம். ஒன்பது ரவிக்கை முடிந்ததாம். பந்தலுக்குப் புதுக் கயிறு கட்டியிருக்கிறாராம். விதைக்கூடையில் தனக்குக் கொத்தவரை கொஞ்சம் கூடுதலாகப் போடும்படி கேட்டிருக்கிறார். “நீங்க சொன்னப்புறம்தான் ஐயா சோறே இறங்குச்சு” என்று முடித்திருந்தார்.

எனக்கு ரத்த அழுத்தம் நூற்று எழுபது. மாத்திரையை மாற்றச் சொல்கிறார் டாக்டர்.

ஜூலை 1, வெள்ளி

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பட்டுவாடா. சனி தபால் கட்டு கிளம்பும். ஞாயிறு விடுமுறை. திங்கள், செவ்வாய். அதிகமானால் புதன்.

அட்டை தொலைந்தும் போயிருக்கலாம்.

ஜூலை 3, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். ஹெப்சி தைலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தனியாகப் போனாள்.

ஜூலை 5, செவ்வாய்

அவரைப்பந்தலுக்கு ஒரு மடல் எழுத உட்கார்ந்தேன். அந்த அட்டையைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் உண்டு என்று தொடங்கினேன். ‘சிறு’ வேண்டாம் என்று அழித்தேன். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை நான் ஆபீஸில் யாருக்கும் எழுதியதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. நடுவில் பக்கத்து வீட்டு ஆள் வந்து, என் தொட்டித் தண்ணீர் அவர் சுவரில் இறங்குகிறது என்று சண்டை பிடித்தார். அவரோடு அரை மணி நேரம் போயிற்று. திரும்பி வந்தபோது எழுதும் வேகம் அடங்கிவிட்டது. பத்து நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லையே, நடப்பதாக இருந்தால் இதற்குள் நடந்திருக்காதா என்று தோன்றியது. மடலை அழித்துவிட்டேன்.

ஹெப்சி பின்னால் வந்து நின்றிருக்கிறாள். “என்னத்த அப்படி எழுதி எழுதி அழிக்கிய?” என்றாள். களை என்றேன்.

ஜூலை 7, வியாழன்

விதைக்கூடை அனுப்பியாகிவிட்டது. நூற்று நாற்பத்து மூன்று உறை. நானும் ஹெப்சியும் காலையிலிருந்து உட்கார்ந்து ஒட்டினோம். இரண்டு பையாகத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் தபால் ஆபீஸ். அவரைப்பந்தலின் உறையில் கொத்தவரை இரண்டு பங்கு போட்டேன். அழகான கையெழுத்து அந்தப் பெண்ணுக்கு.

ஜூலை 9, சனி

பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கம், மூன்றாவது பத்தி.

கருங்காட்டுப்புதூர். நேற்றுக் காலை. தையல் கடையைத் திறக்கும்போது. கணவன் கைது. பெயர் போட்டிருக்கிறார்கள், அம்சவேணி (34). தெருவின் பெயரும் போட்டிருக்கிறார்கள். இனி அது எல்லோருக்கும் தெரியலாம்.

ஜூலை 10, ஞாயிறு

ஒன்றும் எழுத முடியவில்லை.

ஜூலை 12, செவ்வாய்

அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி, கூட ஒரு ஏட்டு. தையல் கடை மேஜையில் கிடந்த உறையைக் கொண்டுவந்திருந்தார்கள். இந்தச் சிவப்பு மை எழுத்து உங்களுடையதா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். மன்றம், விதைக்கூடை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஹெப்சி காப்பி கொடுத்துவிட்டு, போகாமல் வாசல்படியில் நின்றாள்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். நர்சரி என்பது பொய்ப் பெயராம், முகவரி அவனுடையதாம். இது அவன் சட்டைப் பையில் இருந்ததாம். ஒப்புகை அட்டை.

கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்து, அ. அம்சவேணி என்று. பக்கத்தில் ஆபீஸ் முத்திரை. வட்டம் முழுசாக விழுந்திருந்தது. ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து மங்கவில்லை. பின்கோடு, தேதி, எல்லாம் தெளிவு. நான் முப்பத்தாறு வருடம் ஒவ்வொரு கிளார்க்கிடமும் சத்தம் போட்டுக் கேட்ட முத்திரை அப்படித்தான் இருக்கும். ஓரத்தில் நான் தடவிய பசைகூட இருந்தது.

அவன் அங்கே போய் நான்கு நாள் ஒரு லாட்ஜில் தங்கி, தெருத் தெருவாக நடந்து பார்த்திருக்கிறான். நாலே தெரு. அவரைப் பந்தல் போட்ட வீடு ஒன்றுதான்.

“இது அனுப்புனவனுக்குத் திரும்பிப் போகும்னு அந்தம்மாவுக்குத் தெரியாதா சார்?” என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். சும்மாதான் கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். அந்தப் பெண் என்னிடம் கேட்டார் என்று மட்டும் சொன்னேன். அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது.

ஜூலை 14, வியாழன்

நானே சப்-இன்ஸ்பெக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அந்தப் பெண் கேட்டதையும் நான் எழுதியதையும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாம் கேசுக்கு வேண்டாம் சார். அவனே ஒத்துக்கிட்டான், கத்தி கிடைச்சிருச்சு, பாத்த சாட்சி ரெண்டு பேர் இருக்காங்க. நீங்க பெரியவங்க, மனசப் போட்டு அலட்டிக்காதீங்க” என்றார். நல்ல பெண். என் குற்றத்துக்குப் பிரிவு எதுவும் இல்லை என்பதை இவ்வளவு மரியாதையாக வேறு யாரும் சொல்ல முடியாது.

ஹெப்சியிடம் இன்று சொல்லிவிட்டேன். சமையலறையில் நின்றுகொண்டு. அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஒரு வார்த்ததான. ‘போகும்மா, கெளம்பு’ன்னு. அதச் சொல்ல ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?” என்றாள்.

ஒன்றும் குறைந்திருக்காது. கார்டு போகும் என்று சொன்னால், அதைத் தெரிந்துகொண்டே சிவப்பு மையில் எழுதி அனுப்பியவன் நான் என்று ஆகும். அதுதான். அவ்வளவுதான். அந்த அவமானத்துக்குப் பயந்தேன்.

ஜூலை 16, சனி

மன்றம் கொதிக்கிறது. அவரைப்பந்தல் எங்கே என்று ஏழு இழை. யாரோ பேப்பர் செய்தியைக் கண்டுபிடித்து, அது அவர்தான் என்று பெயர், தெரு, கணவன் பெயர், கல்யாணப் படம் வரை போட்டுவிட்டார்கள். அந்தப் படத்தில் அவர் சிரிக்கிறார். கையில் தழும்பு இல்லை.

விதி மூன்று. எல்லாவற்றையும் நீக்கினேன். எதை மறைக்கிறீர் என்று ஒருவன் திட்டியிருந்தான். முதல் தடவையாக ஒரு திட்டை நீக்காமல் விட்டேன்.

சசிதரன் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டார். சட்டச் சிக்கல் வரும், எதையும் பொதுவில் எழுத வேண்டாம் என்றார். உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, விதிப்படிதான் நடந்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார்.

ஜூலை 17, ஞாயிறு

ஆடி ஒன்று. உறுப்பினர்கள் விதைக்கூடை கிடைத்தது என்று படம் படமாகப் போடுகிறார்கள்.

ஜூலை 20, புதன்

இசக்கிமுத்து மாடிக்கே ஏறி வந்துவிட்டார். “சார், ஒங்க விதைக் கவர் ஒண்ணு திரும்பியிருக்கு” என்று நீட்டினார்.

அந்தப் பெண் தன் கையாலேயே தன் முகவரியை எழுதிய உறை. உள்ளே கொத்தவரை அசைகிறது. முகவரியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. ‘பெறுநர் இறந்துவிட்டார். அனுப்பியவருக்குத் திருப்புக.’ கீழே கருங்காட்டுப்புதூர் முத்திரை, தெளிவாக.

அனுப்பியவர் நான். இசக்கிமுத்து யார் சார் செத்துப்போனது, தெரிஞ்சவங்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். செடிகளுக்கு நடுவே நின்று அழுதேன். அவர் தன் பையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே அவருக்கு இன்னும் எத்தனையோ வீட்டுத் தபால் இருந்தது.

ஜூலை 21, வியாழன்

காலையில் நீள நோட்டை அடுப்பில் போட்டேன். ஹெப்சி பக்கத்தில் நின்றாள்.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஜூன் 26-ஆம் தேதி அந்தப் பெண் கேட்டதை இன்று செய்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பதிவையும் ஒவ்வொன்றாக வாசித்தேன், ஒவ்வொன்றாக அழித்தேன். எறும்பு வந்தால் மஞ்சள்தூள். பூ உதிர்ந்தால் புளித்த மோர். கொடி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் விடுங்கள், இழுக்காதீர்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மிஞ்சியது எங்கள் தனிமடல்கள். கணக்கை மூடினால் அவையும் போய்விடும். அவர் கேட்டதும் அதுதான், எனக்கு வசதியும் அதுதான். நான் எழுதிய அந்த இரண்டு வரி இந்த உலகத்தில் வேறு எங்கும் இல்லை. போலீஸுக்கு வேண்டாம், சசிதரனுக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினால் நான் விதிப்படி நடந்த மனிதன்.

தன்னுடையதை எல்லாம் அழிக்கச் சொன்னார். அந்த இரண்டு வரி அவருடையது இல்லை, என்னுடையது. அதை மட்டும் நகலெடுத்துக்கொண்டு கணக்கை மூடினேன்.

மன்றத்தின் முகப்பில், பதினான்கு விதிகளுக்கு மேலே அதைப் போட்டேன். அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. என் பெயர், என் முகவரி, என் தொலைபேசி எண் மூன்றையும் எழுதினேன். நம்மோடு எழுதிக்கொண்டிருந்த ஒருவர், தன்னைக் கொல்லத் தேடுகிறவனுக்கு ஒப்புகை அட்டை திரும்பிப் போகுமா என்று என்னிடம் கேட்டார், போகும் என்பது எனக்குத் தெரியும், ஜூன் 25 பகலில் நான் அவருக்கு எழுதிய பதில் இது என்று சொல்லி, பதிலை அப்படியே கீழே வைத்தேன். சசிதரன் எழுந்து பார்த்து நீக்குவதற்குள் எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று தெரியாது. நீக்கினால் மறுபடி போடுவேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

“அந்த அட்டை அவருக்குப் போகாது அம்மா. ஆபீஸிலேயே கோப்பில் வைத்துவிடுவார்கள். நான் முப்பத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தவன், என்னை நம்பி நிம்மதியாக இருங்கள்.”